பழைய துப்பாக்கி கிடைச்சா என்ன செய்யணும்?

1857 கிளர்ச்சி பாடத்துல என்ஃபீல்டு துப்பாக்கின்னு படிச்சோம் இல்லையா? அதைப் பத்தி நான் தெரிஞ்சுகிட்டதை எழுதுறேன்.

அதுக்கு முன்னாடி சிப்பாய்களிடம் இருந்தது மஸ்கட். அதன் குழாய் உள்ளே வழவழன்னு இருக்கும். தூரத்துல குறி தப்பிடும். என்ஃபீல்டு குழாய்க்குள் திருகு மாதிரி வரிகள் உண்டு. அதனால் குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போகும். சுத்துற பம்பரம் சாயாம நிக்குதே, அதே தத்துவம்தான்! வரி உள்ளதுக்குத்தான் ரைபிள்னு பேர். கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தியச் சிப்பாய்களுக்கு வரி இல்லாத துப்பாக்கியே செய்து கொடுத்தார்கள். மறுபடி எதிர்த்துடுவாங்கன்னு பயம்!

சிலர் இந்தத் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்க்கிறார்கள். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய ஆயுதங்கள் இருக்கு. நம்ம பக்கத்து ஆத்தூர்லயும் கோட்டை இருக்கு. 1792-ல் சேலம் சீமை கம்பெனி கைக்குப் போனது. அதனால் பரண்லயோ மண்ணுக்குள்ளயோ நமக்கும் ஏதாவது கிடைக்கலாம். அப்போ,

1. தொடாதீங்க. குழாய்க்குள் வெடிமருந்து கெட்டிச்சபடியே இருக்கலாம்.

2. பழைய இரும்புக் கடையில போடாதீங்க. விசைப் பக்கத் தகட்டில் முத்திரையும் வருஷமும் இருக்கும். அதை உருக்கிட்டா வரலாறு போச்சு.

3. பெரியவங்க மூலமா கிராம நிர்வாக அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ சொல்லுங்க. புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புன்னா, 1878-ஆம் வருஷப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்கணும்.

4. எவ்வளவு பழசானாலும் சுடக்கூடிய துப்பாக்கின்னா, 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேணும். "தாத்தா காலத்துது"ன்னு சொன்னா மட்டும் போதாது.

காசு கொடுத்தா புதுத் துப்பாக்கி வாங்கிடலாம். 150 வருஷத்தை வாங்க முடியுமா? யோசிங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கெங்கவல்லி