மரக்காணம் கோதாவுக்கு வரும் பிள்ளைகளுக்கு

உப்பள வேலை முடிந்து சாயங்காலம் கோதாவுக்கு வருகிற பிள்ளைகளுக்கு வாயால் சொல்லி வந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். உங்களில் பலர் செல்போனில் ஜப்பான்காரர்களின் ப்ரோ மல்யுத்தம் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்கள். நாங்கள் தாராசிங் பேரைக் கேட்டு வந்தவர்கள். ஆகையால் நம் தாராசிங்கையும் ஜப்பானின் அன்டோனியோ இனோக்கியையும் வைத்தே சொல்கிறேன். இரண்டு பேருமே முழு உடம்போடு கோதாவை விட்டு இறங்கியவர்கள். இந்தத் தொழிலில் பட்டத்தைவிட அது பெரிது.

1. பிடி கற்பதற்கு முன்னால் விழக் கற்றுக்கொள். மோவாயை நெஞ்சோடு ஒட்டிவை. பின்தலை மண்ணில் படக் கூடாது. உள்ளங்கையும் முன்கையும் ஒரே நேரத்தில் தரையில் அறையட்டும், முதுகு உருண்டு வரட்டும், மூச்சை வெளியே விடு. கையை ஊன்றி விழுகிறவனுக்கு மணிக்கட்டு போகும். டிவியில் வரும் மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது பெரும்பாலும் முன்கூட்டியே பேசி வைத்ததுதான். ஆனால் விழுவது நிஜம். ஜப்பானின் மிட்சுஹாரு மிசாவா விழுவதில் கை தேர்ந்தவர் என்று பேர் எடுத்தவர். 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், வழக்கமாக விழுகிற ஒரு விழுதலில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு இறந்துபோனார். வயது 46. பல வருஷமாகக் கழுத்தில் சேர்ந்த அடி அது. அதனால்தான் என்னிடம் வருகிறவன் முதல் சில மாதம் விழுந்துகொண்டே இருப்பான். சலிப்பாக இருக்கும். பரவாயில்லை, விழு.

2. பிழைப்பை விட்டுவிட்டு வராதே. தாராசிங் 1947இல் சிங்கப்பூர் போனபோது பயில்வானாகப் போகவில்லை. டிரம் செய்கிற ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஹர்னாம் சிங் என்ற வாத்தியாரிடம் கற்றார். 1954இல்தான் ருஸ்தம்-இ-ஹிந்த் பட்டம் வந்தது. இனோக்கி 14 வயதில் குடும்பத்தோடு பிரேசிலுக்குப் போய்க் காப்பித் தோட்டத்தில் உழைத்த பையன். ரிக்கிடோசான் என்ற பெரிய மல்யுத்த வீரர் 1960இல் அங்கே அவரைக் கண்டுபிடித்து ஜப்பானுக்கு அழைத்து வந்தார். ஜப்பானிலும் வாத்தியாருக்கு எடுபிடி வேலை செய்துதான் கற்றார். உப்பு வாருகிற கைக்குப் பிடிப்பலம் தானாக வரும். அதை மட்டமாக நினைக்காதே.

3. காலைப் பார். பாத்தி மிதித்த காலோடு நேராகக் கோதாவில் இறங்குகிறவர்களை நான் திருப்பி அனுப்புவது உங்களுக்குத் தெரியும். குதிகால் வெடிப்பை விரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக உப்பு உட்கார்ந்திருக்கும். அந்த ஓரம் கத்தி மாதிரி இருக்கும், எதிராளியின் தோலையும் கிழிக்கும். மண்ணிலிருந்து கிருமி ஏறினால் படை, சீழ்க்கட்டி என்று கோதாவில் எல்லோருக்கும் பரவும். நல்ல தண்ணீரில் கழுவு, விரல் இடுக்கை ஈரம் போகத் துடை, ராத்திரி விளக்கெண்ணெய் தடவு. புண் ஆறும்வரை உட்கார்ந்து பார், அதுவும் பயிற்சிதான். நம் கோதாவுக்கு வானூர் பக்கத்துச் செம்மண்ணைக் கொட்டி மஞ்சளும் நல்லெண்ணெயும் கலப்பதும் இதற்காகத்தான். அளத்து மண் ஆகாது.

4. தினம் தண்டால், பஸ்கி. தவறவே கூடாது. கர்லா கட்டை பிறகு.

5. எடை குறைக்கத் தண்ணீரை நிறுத்தாதே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 50 கிலோ பிரிவில் இறுதிப்போட்டி வரைக்கும் வந்து, 100 கிராம் கூடுதல் என்று வெளியேற்றப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். ராத்திரி முழுக்க வியர்வை சிந்தியும் இறங்காத எடை அது. 1997இல் அமெரிக்காவில் இப்படி எடை குறைக்கப் போய் மூன்று கல்லூரி மாணவர்கள் சில வாரங்களுக்குள் செத்தார்கள். பகலெல்லாம் அளத்து வெயிலில் நின்ற உடம்பு ஏற்கெனவே வறண்டுதான் வருகிறது. உன் எடைக்கு எந்தப் பிரிவோ அதில் நில்.

6. வலித்தால் கையால் தட்டி விட்டுக்கொடு. 1976 டிசம்பர் 12, கராச்சி. பேர்போன காமா பயில்வானின் தம்பி மகன் அக்ரம், இனோக்கியோடு மோதினார். இனோக்கி கையை முறுக்கிப் பூட்டினார். வம்சத்தின் பேர் போய்விடுமே என்று அக்ரம் தட்டவில்லை. கை சேதமான பிறகுதான் ஆட்டம் நின்றது. இந்தக் கதையைச் சிலர் வீரம் என்று சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். கை ஒரு பயில்வானின் சோறு. தட்டியவன் மறுநாள் பயிற்சிக்கு வருவான்.

7. எதிராளியின் உடம்புக்கும் நீதான் பொறுப்பு. கிங்காங் என்ற பேரில் ஆடிய மல்யுத்த வீரர் ஏறக்குறைய 200 கிலோ. அவரோடு தாராசிங் போட்ட குஸ்தியை மெட்ராஸில் எங்கள் வயதுக்காரர்கள் இன்னும் பேசுவார்கள். அவ்வளவு எடையைத் தூக்குவதைவிட அடிபடாமல் இறக்குவதுதான் கஷ்டம். தூக்கப்படுகிறவனும் நம்பி உடம்பைக் கொடுக்க வேண்டும். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவனோடு யாரும் இறங்க மாட்டார்கள். அக்ரமின் அண்ணன் மகன் ஜாரா 1979இல் லாகூரில் இனோக்கியோடு மோதினார், சின்னப் பையன். ஆட்டம் சமனில் முடிந்ததும் இனோக்கியே ஜாராவின் கையைப் பிடித்துத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். கராச்சியில் நடந்ததற்குப் பிறகு பாகிஸ்தானில் அவருக்கு மரியாதை கிடைத்தது என்றால் அந்த ஒரு செய்கை அதற்கு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

8. ஊசி போட்டு உடம்பு ஏற்றித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் அவன் பக்கமே போகாதே. வந்தவன் யாரென்று என்னிடமும் சொல்.

9. எப்போது நிறுத்துவது என்பதை இப்போதே யோசி. தாராசிங் 1968இல் பம்பாயில் லூ தெஸ் என்ற பெரிய மல்யுத்த வீரரைத் தோற்கடித்தார். 1983இல் டெல்லியில் ஓய்வு அறிவித்தபோது வயது 54. அதற்கு வெகுகாலம் முன்பே, 1962 முதல், சினிமாவில் கதாநாயகன். பிறகு ‘ராமாயணம்’ தொடரில் அனுமார், 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை உறுப்பினர். இனோக்கி 1972இல் சொந்தமாக நியூ ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தை ஆரம்பித்தார், 1989இல் ஜப்பான் நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்வானார், 1998 ஏப்ரல் 4 அன்று டோக்கியோ டோமில் விடைபெற்றார். இரண்டு பேரும் கடைசி ஆட்டத்துக்கு முன்பே அடுத்த வேலையில் காலை ஊன்றியிருந்தார்கள். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. 1952 ஹெல்சிங்கியில் வெண்கலம் வாங்கிச் சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்த கே.டி. ஜாதவுக்குச் சோறு போட்டது போலீஸ் வேலைதான். அர்ஜுனா விருது அவர் இறந்த பிறகே வந்தது. ஆகையால் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவர்கள் தனித்தேர்வு எழுதுங்கள். பதக்கம் வாங்கினாலும் சான்றிதழ் இல்லாமல் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போக முடியாது.

10. பெண் பிள்ளைகளும் வரலாம். அவர்களுக்கும் இதே மண், இதே விதி. பெற்றவர்கள் கூட வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்து அளம் மூழ்கிவிடும், தையில் தண்ணீரை இறைத்துப் பாத்தி கட்டும்வரை பலருக்கு வேலை இருக்காது. சும்மா இருக்கிற அந்த நாட்களில் கொட்டகைக்குள் காலையும் மாலையும் பயிற்சி உண்டு. காசு கிடையாது. வீட்டில் சொல்லிவிட்டு, நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள்.