பாஸ் இல்லாத ஊரில் பாஸ் மீன்பிடி: விரால், கொடுவா, கொஞ்சம் மெக்கானிக்ஸ்



செமஸ்டர் லீவில் யூடியூப் பார்த்துட்டு, "மச்சி, நம்ம ஊர்ல பாஸ் மீன் எங்கடா கிடைக்கும்?" என்று கேட்காத ஹாஸ்டல் ரூம் இருக்காது. அமெரிக்காக்காரர் ஒருத்தர் ரப்பர் தவளையைப் பாசிக்குள் வீசுவார், பளார்னு ஒரு மீன் பாயும், ராடு வில்லா வளையும். பார்க்கவே கை பரபரக்கும். அந்த மீன் இங்கே இல்லை. ஆனால் அதே வேலையைச் செய்கிற இரண்டு மீன்கள் கடலூர், சிதம்பரம் பக்கம் இருக்கின்றன. நன்னீரில் விரால், முகத்துவாரத்தில் கொடுவா. இந்த இரண்டையும் எப்படித் தேடுவது, எந்தச் சாமான் வாங்குவது, ஃபர்ஸ்ட் இயரில் படித்த மெக்கானிக்ஸ் இதில் எங்கே வருகிறது என்பதுதான் இந்தப் பாடம்.

1. முதலில், பாஸ் என்றால் என்ன?

வீடியோவில் வருவது லார்ஜ்மவுத் பாஸ். வட அமெரிக்காவின் நன்னீர் மீன். உலக சாதனை எடை 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 1932இல் ஜார்ஜியாவில் ஒன்று, 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒன்று, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எடை. ஜப்பானில் அது வந்தேறி மீன். உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்ததால், அதை உயிரோடு வைத்திருக்கவும் கொண்டுபோகவும் 2005 முதல் அங்கே தடை. ஆகவே "குஞ்சு வாங்கி வீராணத்துல விட்டா என்ன?" என்ற ஐடியா யாருக்காவது வந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை விட்டுவிட்டு நம் குளங்கள் படும் பாடே போதும்.

பாஸின் குணம் மூன்று: ஒளிந்திருந்து பாயும், பெரிய வாயால் இரையை அப்படியே விழுங்கும், மறைவிடத்தை விட்டு அதிக தூரம் போகாது. இந்த மூன்றும் விராலுக்கும் கொடுவாவுக்கும் பொருந்தும். அதனால்தான் பாஸுக்குச் செய்த லூர்கள் இங்கேயும் வேலை செய்கின்றன.

2. விரால்: தாமரை இலைக்குக் கீழே

வீராணம், குறிஞ்சிப்பாடி பக்கம் பெருமாள் ஏரி, திட்டக்குடி பக்கம் வெலிங்டன் ஏரி, இவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், ஊர்க் குளங்கள் எல்லாமே விராலுக்கு வீடு. வீராணம் 10ஆம் நூற்றாண்டுச் சோழர் ஏரி. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. ஆழமான நடு ஏரியில் விராலைத் தேடாதீர்கள். கரையோரம், அல்லி, தாமரை, ஆகாயத்தாமரை, கோரைப்புல் உள்ள முழங்கால் ஆழத் தண்ணீர்தான் அதன் இடம்.

விராலின் பெரிய துப்பு, அதன் மூச்சு. செவுளோடு சேர்த்து, தலைக்குள் காற்றை உள்வாங்கும் ஓர் அறையும் அதற்கு உண்டு. அதனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை வாங்கியே ஆக வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் கரையில் 10 நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். எங்கே நீர் "ப்ளக்" என்று ஒரு வட்டம் போடுகிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறார். வட்டத்தின் மேலேயே வீசாதீர்கள். 1 மீட்டர் தள்ளி வீசி, அந்தப் பக்கமாக இழுத்து வாருங்கள்.

லூர்: உள்ளே காற்று நிறைந்த ரப்பர் தவளை. இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும், அதனால் பாசியில் மாட்டாது. மீன் கடித்து அமுக்கினால்தான் முள் வெளியே வரும். உயிர்த் தவளையைக் குத்திப் போடும் பழக்கம் இங்கே உண்டு. ரப்பர் இருக்கும்போது அந்தப் பாவம் எதற்கு?

முறை: வீசு, இரண்டு இழுப்பு, நிறுத்து. மீன் பாய்ந்த சத்தம் கேட்ட உடனே இழுத்தால் தவளை மட்டும் பறந்து வந்து நம் முகத்தில் விழும். மனசுக்குள் "ஒன்னு, ரெண்டு" எண்ணி, நரம்பு இறுகுவதை உணர்ந்த பிறகு ராடை வெட்டி இழுங்கள். அதற்கப்புறம் விளையாட்டுக் காட்டக் கூடாது. தலையைத் திருப்ப விட்டால் தண்டுக்குள் சுற்றிக்கொள்ளும்.

3. கொடுவா: ஏற்றவற்றத்தின் வாசலில்

கொடுவாவுக்கு ஆங்கிலத்தில் ஏசியன் சீபாஸ், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி, வங்காளத்தில் பேட்கி. ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. குஞ்சுகள் முகத்துவாரத்திலிருந்து உப்பங்கழிக்கும் ஆற்றுக்கும் ஏறி வளரும். முட்டையிட உப்புத் தண்ணீர் வேண்டும், அதற்காகப் பெரிய மீன் கடல் பக்கம் இறங்கும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, கடலூரில் கெடிலம், உப்பனாறு, தெற்கே கொள்ளிடம் ஆகியவற்றின் முகத்துவாரங்களும் பிச்சாவரத்துக் கால்வாய்களும் இதன் பாதை.

விராலுக்கு மூச்சைப் பார்க்கிறோம், கொடுவாவுக்கு நீரோட்டத்தைப் பார்க்க வேண்டும். நம் கடற்கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நீர் வற்றும்போது சின்னக் கால்வாயில் இருக்கும் இறாலும் மடவைக் குஞ்சும் பெரிய கால்வாய்க்கு இறங்கியே ஆக வேண்டும். அந்த வாசலில், பாலத் தூண் நிழலில், வேர் மூட்டில் கொடுவா காத்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் வலுவாக இருக்கும். நீர் அசையாமல் நிற்கிற நேரத்தில் டீ குடிக்கப் போகலாம்.

லூர்: 8 முதல் 10 செ.மீ. மின்னோ, அல்லது ஈயத்தலை முள்ளில் மாட்டிய மென் பிளாஸ்டிக் மீன். ஓட்டத்துக்கு மேற்பக்கம் வீசி, ஓட்டத்தோடு வர விடுங்கள். இரை நீரோட்டத்தை எதிர்த்து வேகமாக வந்தால் கொடுவாவுக்குச் சந்தேகம் வரும். மாட்டியவுடன் அது தண்ணீருக்கு மேலே குதித்துத் தலையை உதறும். அந்த நொடியில் ராடு நுனியை அதன் பக்கம் தாழ்த்திக் கொடுங்கள். இறுக்கிப் பிடித்தால் முள் கழன்றுவிடும். செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். அதனால் நுனியில் தடித்த தங்கூஸ் லீடர் ஒரு முழம் அவசியம். கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

4. சாமான் வாங்குமுன்: ராடு ஒரு கேன்டிலீவர்

கடையில் "பவர்", "ஆக்‌ஷன்" என்று இரண்டு வார்த்தை சொல்வார்கள். பவர் என்பது ராடின் விறைப்பு. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறது என்பது. நுனியில் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், நடுவிலிருந்து வளைந்தால் மாடரேட். தாமரைத் தண்டோடு சேர்த்து விராலை இழுக்க ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். குதிக்கும் கொடுவாவுக்கு அதிர்ச்சியை உள்வாங்க மீடியம் ஹெவி போதும்.

கைக்கு முன்னால் 1.8 மீட்டர் நீளும் ராடு. மீன் 3 கிலோ விசையில் செங்குத்தாக இழுக்கிறது. கையில் விழும் திருப்புவிசை 3 × 9.8 × 1.8, சுமார் 53 நியூட்டன் மீட்டர். ராடு வளைய வளைய அந்த 1.8 குறைகிறது, கைக்கும் சுமை குறைகிறது. வளைவதுதான் ராடின் வேலை. ஆனால் மீன் காலடிக்கு வந்தபின் ராடை வானத்தைப் பார்க்கத் தூக்கினால், தடித்த அடிப்பகுதி வேலையே செய்யாது. எல்லா வளைவும் மெல்லிய நுனியில் விழும். பெரும்பாலான ராடு உடைவது இப்படித்தான். பெரிய மீனை வலையால் அள்ளுங்கள், ராடால் தூக்காதீர்கள்.

நரம்பில் தங்கூஸ் நீளும், பிரெய்டு நீளாது. பாசிக்குள் முள்ளைக் குத்தி ஏற்ற நீளாத நரம்பு வேண்டும். அதனால் விராலுக்கு 40 முதல் 50 பவுண்டு பிரெய்டு. கொடுவாவுக்கு 30 பவுண்டு பிரெய்டும் தங்கூஸ் லீடரும்.

5. டிராக்: நரம்பு ஏன் கடைசியில் அறுகிறது?

ரீலில் உள்ள டிராக் ஓர் உராய்வு கிளட்ச். குறிப்பிட்ட இழுப்புக்கு மேல் போனால் ஸ்பூலைச் சுற்ற விடும். நரம்பின் தாங்கும் எடையில் கால் பங்கில் அதை வைப்பது வழக்கம். 30 பவுண்டு என்றால் 13.6 கிலோ, கால் பங்கு 3.4 கிலோ. இது ரொம்பப் பாதுகாப்பு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டிராக்கில் மாறாமல் இருப்பது இழுப்பு அல்ல, டார்க். இழுப்பு = டார்க் ÷ ஆரம். நரம்பு நிறைந்த ஸ்பூலின் ஆரம் 24 மி.மீ. என்று வையுங்கள். மீன் ஓடி நரம்பு தீர்ந்து ஆரம் 16 மி.மீ. ஆனால், 3.4 × 24 ÷ 16 = 5.1 கிலோ. நீங்கள் திருகைத் தொடவே இல்லை, இழுப்பு ஒன்றரை மடங்காகிவிட்டது!

இன்னும் இருக்கிறது. வளைந்த ராடின் வளையங்களில் நரம்பு உரசுகிறது. கப்பியில் படித்த கேப்ஸ்டன் சமன்பாடுதான். மொத்தம் 90 டிகிரி திரும்பி, உராய்வுக் குணகம் 0.1 என்றால் பெருக்கம் சுமார் 1.17. இப்போது முள் பக்கம் 6 கிலோ. லீடர் 10 கிலோ தாங்கும், முடிச்சில் 70 சதவீதம்தான் மிஞ்சுகிறது என்றால் தாங்கும் எல்லை 7 கிலோ. இந்த நிலையில் மீன் ஒரு உதறு உதறினால் கதை முடிந்தது. "பெரிய மீனு, அறுத்துட்டுப் போயிடுச்சு" என்ற கதைகளில் பாதிக்கு விடை இந்த இரண்டு வரிதான்.

பாடம்: மீன் தூரம் போகப் போக டிராக்கை இறுக்காதீர்கள், லேசாகத் தளர்த்துங்கள். ராடை அதன் பக்கம் தாழ்த்துங்கள், வளையங்களில் உராய்வு குறையும். முடிச்சை எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்குங்கள், சூட்டில் நரம்பு பலவீனமாகாது.

6. பிடிக்கக் கூடாதவை, செய்யக் கூடாதவை

மழைக்காலத்தில் நீர்ப்பரப்பில் செந்நிறமாகக் கொதிக்கிற மாதிரி ஒரு குஞ்சுக் கூட்டம் தெரியும். அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல். அங்கே தவளையை வீசினால் நிச்சயம் அடிக்கும். பசிக்காக அல்ல, குஞ்சைக் காக்க. அந்த ஒரு மீனைத் தூக்கினால் மற்ற மீன்கள் அரை மணியில் அந்தக் கூட்டத்தையே காலி செய்துவிடும். திறமைக்குச் சம்பந்தமே இல்லாத மீன் அது. விட்டுவிடுங்கள்.

கொடுவாவில் இன்னொரு விநோதம். அது முதலில் ஆணாக வளர்ந்து, வயதும் அளவும் கூடிய பிறகு பெண்ணாக மாறும். ஆகவே மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் பெண், லட்சக்கணக்கில் முட்டையிடக்கூடியது. சென்னையில் உள்ள சிபா நிறுவனம் 1997இல் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யவைத்தபோது இந்தக் குணத்தைக் கணக்கில் எடுத்துத்தான் தாய் மீன்களைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. குழம்புக்கு நடுத்தர மீன் போதும். பெரியதை போட்டோ எடுத்துவிட்டு, ஈரக்கையால் பிடித்து விடுங்கள்.

ஏரி, குளத்தில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். "அண்ணே, தூண்டில் போடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பிச்சாவரம் வனத்துறையின் காப்புக்காடு, 2022 முதல் ராம்சர் தலம். அனுமதியில்லாமல் அங்கே தூண்டில் வேண்டாம். அந்தக் கால்வாய்களில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் மக்கள் இருக்கிறார்கள். நாம் அறுத்துவிட்டு வரும் முள் அவர்கள் கையில்தான் ஏறும். அறுந்த நரம்பை ஒரு பாட்டிலில் சுற்றி எடுத்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, முதலை. இது மிரட்டல் இல்லை. சிதம்பரத்தைச் சுற்றிய பழைய கொள்ளிடத்திலும் வாய்க்கால்களிலும் முதலைகள் உண்டு. ஊருக்குள் வந்தவற்றை வனத்துறை பிடித்து வக்காரமாரியில் விடுவது செய்தித்தாளில் அடிக்கடி வரும். ஆட்களும் பலியாகியிருக்கிறார்கள். தவளை பாசியில் மாட்டினால் தண்ணீரில் இறங்கி எடுக்காதீர்கள். 200 ரூபாய் லூருக்காகக் கால் வைக்கிற இடமில்லை அது. கரை விளிம்பில் குனிந்து மீனைக் கழுவாதீர்கள், அந்தி சாய்ந்தபின் தனியாக நிற்காதீர்கள்.

செய்முறைப் பயிற்சி: கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு ஸ்பிரிங் தராசை நரம்பு நுனியில் கட்டி, நண்பனை இழுக்கச் சொல்லுங்கள். ஸ்பூல் நிறைந்திருக்கும்போது ஒரு ரீடிங், பாதி நரம்பை உருவிவிட்டு ஒரு ரீடிங், ராடை நேராக நீட்டி ஒன்று, வளைத்து ஒன்று. நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ரீலின் உண்மையான எண்கள் அவைதான், அட்டையில் அச்சடித்தவை அல்ல.