டெஸ்க்டொப் ஐகன்கள் ஏன் இடம் மாறுகின்றன?

கேள்வி: கல்முனை பிரதான வீதியில் உள்ள கம்யூனிகேஷன் கடையொன்றின் விண்டோஸ் கணினியில், பாடசாலை வினாத்தாள் போல்டர்கள் டெஸ்க்டொப்பின் இடப்பக்கமும் நிக்காஹ் அழைப்பிதழ், விண்ணப்பப் படிவ வேலைகள் வலப்பக்கமுமாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. சில நாட்களில் கணினியைப் போட்டதும் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. இது வைரஸா? நிறுத்த வழி என்ன?

பதில்: ஐகன்கள் இடம் மாறுவது வைரஸின் வேலையாக இருப்பது மிக அரிது. டெஸ்க்டொப் என்பது சி டிரைவில் பயனர் பெயருக்குக் கீழே இருக்கும் ஒரு சாதாரண போல்டர்தான். அதில் என்னென்ன கோப்புகள் உள்ளன என்பது டிஸ்க்கில் பதிவாகிறது. ஆனால் ஒரு கோப்பு திரையின் எந்த மூலையில் நிற்கிறது என்பது கோப்போடு சேர்ந்து பதிவாவதில்லை. அந்த இடக்கணக்கை எக்ஸ்புளோரர் என்னும் விண்டோஸ் நிரல் ரெஜிஸ்ட்ரியில் தனியாக எழுதி வைக்கிறது. கோப்பு பத்திரமாக இருக்க, அதன் இடம் மட்டும் மறந்துபோவது இதனால்தான்.

கலைந்த ஐகன்களை உடனே இழுத்துச் சரிசெய்யத் தொடங்காமல், அவை எப்படிக் கலைந்திருக்கின்றன என்று முதலில் பார்ப்பது நல்லது. காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

எல்லா ஐகன்களும் இடப்பக்கத்தில் இடைவெளியின்றி மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருந்தால், ‘ஓட்டோ அரேஞ்ச் ஐகன்ஸ்’ இயங்குகிறது என்று பொருள். அது இயங்கும்போது ஐகனை வலப்பக்கம் இழுத்துவிட்டாலும் திரும்பி வரிசைக்கே வந்துவிடும். வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து, ‘வியூ’ பட்டியலில் அதன் சரி அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். அதற்குக் கீழுள்ள ‘அலைன் ஐகன்ஸ் டு கிரிட்’ இருக்கலாம்; அது ஐகன்களை நேர்கோட்டில் நிறுத்துமே தவிர, இடத்தை மாற்றாது.

அடையாளம் எடுக்கப்பட்ட பிறகும் பெயர் வரிசையில் அடுக்கப்பட்டால், யாரோ ‘சோர்ட் பை’யைத் தொட்டிருக்கிறார்கள். கணினிக்கு முன் அமர்ந்ததும் ரைட் கிளிக் செய்து ‘ரிஃப்ரெஷ்’ கொடுப்பது நம் கடைகளில் பலருக்குக் கைப்பழக்கம். அந்த மெனுவில் ‘ரிஃப்ரெஷ்’ஷுக்கு நேர் மேலே நிற்பது ‘சோர்ட் பை’. கை சற்று வழுக்கினாலே முழு ஒழுங்கும் போய்விடும்; கன்ட்ரோல் இசட் அழுத்தினாலும் பழைய இடங்கள் திரும்பாது. ‘ரிஃப்ரெஷ்’ கொடுப்பதால் கணினி வேகமாவதும் இல்லை. அந்தப் பழக்கத்தை விடுவதே மேல். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி மௌஸ் சில்லைச் சுழற்றினால் ஐகன்கள் பெருத்துப்போய் இடம் தள்ளுவதும் இதே வகைதான். ‘வியூ’வில் ‘மீடியம் ஐகன்ஸ்’ கொடுத்தால் பழைய பருமன் வந்துவிடும்.

சில நாட்களுக்கு முந்திய ஒழுங்கு அப்படியே திரும்பி வந்திருந்தால், சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தை. ஐகன்களின் புதிய இடங்கள் நிச்சயமாக எழுதப்படுவது, கணினி முறைப்படி ஷட்டவுன் ஆகும்போது. கரண்ட் திடீரென்று போனால் எக்ஸ்புளோரருக்கு எழுத அவகாசமில்லை. அடுத்த முறை கடைசியாக எழுதப்பட்ட பழைய கணக்கையே எடுத்து விரிக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதுகூட, நேர அட்டவணை கையில் இருந்தவர்களால் முன்கூட்டியே கணினியை மூட முடிந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு நாடு முழுவதும் இருண்டபோது அந்த அவகாசம் யாருக்கும் கிடைக்கவில்லை. 650 விஏ யூபிஎஸ் ஒன்று ஒரு கணினியையும் மொனிட்டரையும் சில நிமிடங்கள் தாங்கும். வேலையைச் சேமித்து ஷட்டவுன் செய்ய அது போதும். லேசர் பிரின்டரையோ போட்டோ கொப்பி இயந்திரத்தையோ அதே யூபிஎஸ்ஸில் கொளுவக் கூடாது. அவை சூடேறும்போது இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்க மாட்டாமல், கரண்ட் இருக்கும்போதே யூபிஎஸ் கணினியை அணைத்துவிடும்.

வலப்பக்கத்து ஐகன்கள் மட்டும் உள்ளே நெருக்கித் தள்ளப்பட்டிருந்தால், திரையின் அளவு, அதாவது ரெசலூஷன், இடையில் ஒருமுறை சுருங்கியிருக்கிறது. அகலத்தில் 1366 புள்ளிகள் கொண்ட திரையில் 1300 ஆவது புள்ளியில் நிற்கும் போல்டருக்கு 1024 புள்ளித் திரையில் இடமே இல்லை. விண்டோஸ் அதை உள்ளே இழுத்துவிடுகிறது. திரை பழைய அளவுக்கு வந்த பிறகும் போல்டர் தன் பழைய இடத்துக்குப் போகும் என்று உறுதியில்லை.

பழைய மொனிட்டர்கள் உள்ள கடைகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் நீல நிறத் தலைகொண்ட விஜிஏ கேபிள்தான். அதன் 15 பின்களில் 12 ஆவதும் 15 ஆவதும் படத்தைக் கொண்டுவருவதில்லை. மொனிட்டரின் அளவு என்ன என்பதைக் கணினிக்குச் சொல்வது அவற்றின் வேலை. அவற்றில் ஒன்று வளைந்தாலோ தொடுகை விட்டுப்போனாலோ படம் தெரியும், ஆனால் மொனிட்டர் எதுவென்று விண்டோஸுக்குத் தெரியாது. 1024க்கு 768 போன்ற பொது அளவுக்கு இறங்கிவிடும். கல்முனை, மருதமுனை, நிந்தவூர் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று பின்களில் பச்சைக் களிம்பைப் பிடிக்க வைக்கும். கணினியை அணைத்து, கேபிளைக் கழற்றி, பின்களைப் பார்த்து, மீண்டும் செருகி இருபுறத்துத் திருகாணிகளையும் இறுக்க வேண்டும். பலர் திருகாணியை இறுக்குவதேயில்லை. மேசை அசையும்போதெல்லாம் ஐகன்கள் ஓடுவது அங்கேதான். கேபிள் சரியாக இருந்தும் அளவு இறங்கினால் கிராபிக்ஸ் டிரைவரைப் பார்க்க வேண்டும்.

‘ஐகன் கேஷ்’ஷை அழித்தால் சரியாகும் என்று சொல்லப்படுவது பயனற்ற யோசனை. அதில் இருப்பவை ஐகன்களின் படங்கள், இடங்கள் அல்ல. ‘டெஸ்க்டொப்ஓகே’ என்ற சிறிய இலவச மென்பொருள் உண்மையாகவே உதவும். ஒழுங்கு சரியாக இருக்கும் நாளில் அதைச் சேமித்து வைத்தால், எப்போது கலைந்தாலும் ஒரே கிளிக்கில் மீட்டுவிடலாம்.

கேள்வி: சாய்ந்தமருதில் ஆசிரியர் ஒருவரின் லெப்டொப்பில், வகுப்பில் புரொஜெக்டரைக் கொளுவும் ஒவ்வொரு முறையும் ஐகன்கள் கலைகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: ‘டூப்ளிகேட்’ முறையில் லெப்டொப்பும் புரொஜெக்டரும் ஒரே படத்தைக் காட்ட வேண்டியிருப்பதால், இரண்டுக்கும் பொதுவான சிறிய அளவுக்கு விண்டோஸ் இறங்குகிறது. விண்டோஸ் விசையுடன் பி எழுத்தை அழுத்தி ‘எக்ஸ்டென்ட்’டைத் தேர்ந்தால் லெப்டொப் திரை தன் அளவிலேயே இருக்கும்.

கேள்வி: கரண்ட் போய் வந்தபின் ஐகன்கள் இடம் மாறாமல் அடியோடு காணாமற் போய்விட்டால்?

பதில்: முதலில் ‘வியூ’வில் ‘ஷோ டெஸ்க்டொப் ஐகன்ஸ்’ அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தும் திரை புதுக் கணினிபோல வெறுமையாக, பின்னணிப் படமும் மாறியிருந்தால், பயனர் கணக்கைத் திறக்க முடியாமல் விண்டோஸ் ஒரு தற்காலிகக் கணக்கில் நுழைந்திருக்கலாம். கோப்புகள் சி டிரைவின் ‘யூசர்ஸ்’ போல்டரில், பழைய பெயரின் கீழ் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆபத்து வேறிடத்தில் உள்ளது: தற்காலிகக் கணக்கின் டெஸ்க்டொப்பில் சேமிப்பவை அனைத்தும் சைன் அவுட் ஆனதும் அழிந்துபோகும். அந்த நிலையில் வாடிக்கையாளர் வேலை எதையும் தொடங்காமல், பழைய கோப்புகளைப் பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு, அதன் பிறகே கணினியை மறுபடி தொடக்கிப் பார்க்க வேண்டும்.