செப்புக் குடத்துத் தண்ணீர் மீனுக்கு ஆகாது

மீன் தொட்டிக்குள் ஒரு துருப்பிடித்த ஆணி கிடந்தால் பதறிப்போகிறோம். பித்தளையில் பூத்த பச்சைக் களிம்பை யாரும் கண்டுகொள்வதில்லை. மீனுக்கு அதிகம் ஆபத்தானது அந்தப் பச்சைதான். செம்பும் துத்தநாகமும் செவுளைத் தாக்கும். செவுள் வீங்கி வழுவழுப்பு படர்ந்துவிட்டால், தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறும்.

1. இரவு முழுக்கச் செப்புக் குடத்தில் வைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடல் மீன்களின் ஒட்டுண்ணி நோய்க்கு மயில்துத்தத்தால் வைத்தியம் செய்கிறவர்களோ, செம்பின் அளவு 0.2 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். ஆக, நாம் தெம்பாகக் குடிக்கிற தண்ணீரில் மீனின் மருந்தளவைப் போலப் பத்து மடங்கு செம்பு இருந்துவிடலாம். இறாலும் நத்தையும் 0.2 மில்லிகிராமைக்கூடத் தாங்காது. இப்போது ‘காப்பர்’ சேர்த்துத் தரும் ஆர்.ஓ. இயந்திரங்களும் வந்துவிட்டன, அந்தத் தண்ணீரும் தொட்டிக்கு வேண்டாம். மொண்டு ஊற்ற பித்தளைச் சொம்பை எடுக்காமல் பிளாஸ்டிக் மக்கை எடுங்கள்.

2. காலையில் குழாயைத் திறந்ததும் வருவது, இரவெல்லாம் பைப்பிலும் பித்தளைக் குழாயிலும் தேங்கி நின்ற தண்ணீர். இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். முதலில் வந்தது செடிக்குப் போகட்டும். புதிதாகக் குழாய் மாற்றிய வீட்டில் சில வாரங்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை.

3. மார்கழிக் குளிருக்குத் தொட்டி நீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்க நினைத்தால் கீசர் தண்ணீரைக் கலக்காதீர்கள். சுடுநீர் உலோகத்தை அதிகம் கரைக்கும். கீசரின் உள்ளேயும் செம்பு இருக்கலாம். எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சிக் கலந்தால் போதும்.

4. போர் தண்ணீர் சிவந்து வருகிறதா? அது இரும்பு. செம்பைப் போல இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செம்மண் நிறத் துகள் செவுளில் படிந்தால் மீனுக்குத் தொல்லை. திறந்த டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். காலையில் பம்பை நிறுத்தி, துகள் அடியில் படிந்ததும் மேல்நீரை மட்டும் டியூப் வைத்து இறக்குங்கள். டிரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாளியில் பிடித்தால் ஒன்றைத் தீர்க்கப்போய் இன்னொன்றை வாங்கிக்கொண்ட கதைதான்.

5. வாளியில் வெள்ளையாக உப்புப் படியும் கடின நீர், செம்பின் வேகத்தை ஓரளவு மட்டுப்படுத்தும். மழைநீரும் ஆர்.ஓ. நீரும் அப்படியல்ல, அதே அளவு செம்பு அங்கே பல மடங்கு கடிக்கும். ‘சுத்தமான’ தண்ணீர் வைத்திருப்பவர்களுக்குத்தான் எச்சரிக்கை அதிகம் வேண்டும்.

6. தொட்டியில் காசு போடுவதும், வாஸ்துவுக்கென்று பித்தளை ஆமையை உள்ளே உட்கார வைப்பதும் சில வீடுகளில் நடக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தின் மஞ்சள் வளையம் பெரும்பங்கு செம்பு. அதிர்ஷ்டம் தொட்டிக்கு வெளியே இருந்து வந்தால் போதாதா?

7. சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் வாங்கும் நீர்ச்செடியின் அடியில் சில சமயம் மெல்லிய உலோகப் பட்டை சுற்றியிருக்கும். ஈயமாக இருக்கலாம், வீட்டுக்கு வந்ததும் பிரித்து எறிந்துவிட்டு, பருத்தி நூலால் ஒரு கூழாங்கல்லில் கட்டிவிடுங்கள்.

8. பச்சை, நீல வரி ஓடும் கல்லும் உலோகம்போல் மின்னும் கல்லும் அழகுதான், ஆனால் உலோகம் கலந்திருக்கலாம், தொட்டியில் போடாமல் ஷோகேஸில் வையுங்கள். வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கும் சோதனை சுண்ணாம்பை மட்டுமே காட்டும், செம்பைக் காட்டாது.

9. ஏர் பம்ப்பின் உலோக வால்வு, மூடியின் திருகு, விளக்கின் கிளிப் இவையெல்லாம் தண்ணீருக்கு மேலேதானே என்று விட்டுவிடுகிறோம். அவற்றில் வியர்க்கும் நீர் சொட்டுச் சொட்டாக உள்ளேதான் விழுகிறது. பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருந்தால் பிளாஸ்டிக்குக்கு மாற்றுங்கள். கண்ணாடி துடைக்கும் காந்தத்தின் உறை விரிசல் விட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

10. பூஜைப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கிய கையோடு தொட்டிக்குள் கைவிடாதீர்கள். அந்தப் புளிக்கரைசலில் செம்பு கரைந்திருக்கிறது. மாடித் தோட்டத்துக்குச் செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவை அடிக்கிறவர்கள் அந்த வாளியை மீன் பக்கமே கொண்டுவரக் கூடாது. தொட்டிக்கென்று தனி வாளி, தனி மக், தனி ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்வதே நிம்மதி.

11. மீன் மருந்து வாங்கும்போது செம்பு சேர்ந்ததா என்று லேபிளைப் பாருங்கள். நீலமாக இருக்கிறதே என்று மெதிலின் ப்ளூவைச் சந்தேகிக்க வேண்டாம். அதில் செம்பு கிடையாது. செம்பு மருந்து போட்ட தொட்டியின் பவளத்தூளிலும் சுண்ணாம்புக் கல்லிலும் செம்பு ஒட்டிக்கொண்டு பிறகு மெல்ல வெளியே வரும். அதில் இறாலை விடாதீர்கள்.

12. நத்தை ஓட்டுக்குள் சுருங்கிக் கீழே விழுந்து கிடக்கிறது, மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேலே வந்து வாய் பிளக்கின்றன, கல்லில் உரசுகின்றன என்றால் உலோகத்தையும் சந்தேகியுங்கள். அமோனியா ஏறினாலும் ஏறக்குறைய இதே அறிகுறிகள்தான். எதுவானாலும் முதல் வேலை தண்ணீர் மாற்றுவது. உள்ளே இருக்கும் உலோகத்தை எடுத்துவிட்டு, அதே வெப்பநிலையில் குளோரின் நீக்கிய நீரால் பாதியை மாற்றுங்கள். கடையில் தரும் சாதாரண ஆன்ட்டி குளோரின் உலோகத்தை ஒன்றும் செய்யாது. கன உலோகங்களையும் கட்டுப்படுத்தும் என்று லேபிளில் போட்டிருக்கும் கண்டிஷனரை வாங்குங்கள். ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, மறுநாள் இன்னொரு பங்கு நீர் மாற்றுங்கள். சில நாள் கழித்து அந்தக் கார்பனை எடுத்துக் குப்பையில் போடுங்கள். கழுவித் திரும்பப் போட வேண்டாம்.