கேட்டுக் கொடுப்போம்

ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் நாள் உலக மாற்றுத்திறனாளிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் அவை 1992ஆம் ஆண்டில் இந்நாளை அறிவித்தது. அதனையொட்டிப் பள்ளி மாணவர் பலர் நிதி திரட்டி, மாற்றுத்திறனாளிகளுக்குத் துணைக்கருவிகள் வாங்கித் தருகின்றனர். பழைய செய்தித்தாள்களைச் சேர்த்து விற்றும், தாமே செய்த காகிதப் பைகளையும் அகல்விளக்குகளையும் விற்றும் பொருள் ஈட்டுகின்றனர். இம்முயற்சி போற்றத்தக்கது. ஆயினும், உண்டியலைக் கையில் எடுக்கும் முன்பே செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. கருவியைப் பயன்படுத்தப் போகிறவரிடம், “உங்களுக்கு எது தேவை?” என்று கேட்பதே அப்பணி.

இதன் இன்றியமையாமையை ‘ஜெய்ப்பூர்க் கால்’ நமக்கு உணர்த்தும். முற்காலத்தில் மேலைநாட்டு முறையில் அமைந்த செயற்கைக் கால்களே நம் நாட்டில் கிடைத்தன. அவை காலணி அணிந்து நடப்போர்க்கும் நாற்காலியில் அமர்வோர்க்கும் ஏற்றவை. நம் உழவரோ வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவர், சம்மணமிட்டு உண்பவர், குந்தி அமர்ந்து வேலை செய்பவர். அவர்களுக்கு அக்கால்கள் பொருந்தவில்லை. ஜெய்ப்பூரைச் சேர்ந்த கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் இக்குறையை உணர்ந்தனர். 1960களின் இறுதியில் இரப்பரைக் கொண்டு புதிய கால் ஒன்றை உருவாக்கினர். அதனை அணிந்தவர் வெறுங்காலுடன் நடக்கலாம், குந்தி அமரலாம், மரமும் ஏறலாம். பயன்படுத்துவோரின் வாழ்க்கையை அறிந்து செய்ததனாலேயே அக்கருவி வெற்றி கண்டது.

பள்ளிக்கும் இது பொருந்தும். பார்வையற்ற மாணவருக்குக் கணினித் திரையைப் படித்துக் காட்டும் ‘என்விடிஏ’ என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. திரட்டிய பணத்தைக் கணினிக்கும் காதொலிப்பானுக்கும் பயிற்சிக்கும் செலவிடலாம். சக்கர நாற்காலி வைத்திருக்கும் மாணவரின் வகுப்பு மாடியில் இருந்தால், மற்றொரு நாற்காலியால் பயன் இல்லை. வகுப்பைத் தரைத்தளத்திற்கு மாற்றினால் போதும். அதற்குப் பணமே வேண்டுவதில்லை. மேலும், கான்பூரில் உள்ள அலிம்கோ என்னும் அரசு நிறுவனம் செய்யும் கருவிகள், தகுதியுடையோர்க்கு அரசுத் திட்டத்தின்வழிக் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. அவ்வழியை முதலில் நாடிவிட்டு, எஞ்சிய தேவைக்கு நிதி திரட்டுவதே முறை.

திரட்டிய தொகைக்கும் செலவுக்கும் கணக்கு எழுதி, அறிவிப்புப் பலகையில் வெளியிட வேண்டும். கருவி பழுதுற்றால் சீர்செய்யச் சிறு தொகையை ஒதுக்கி வைத்தல் நன்று. பெறுபவரை மேடையேற்றிப் படம் எடுப்பதற்கு அவர்தம் இசைவு வேண்டும். அவர் விரும்பாவிடில் கருவியை அமைதியாகக் கொடுத்துவிடலாம். உடன் பயில்பவர் நம்மிடம் இரக்கத்தை எதிர்பார்ப்பதில்லை. நம்மோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே பாடத்தைப் படிக்கவே விரும்புகிறார். அவ்விருப்பம் நிறைவேறத் துணைநிற்பதே நம் கொடையின் பயன்.

சொல்லும் பொருளும்
இன்றியமையாமை – கட்டாயத் தேவை
ஈட்டுதல் – சம்பாதித்தல்
எஞ்சிய – மீதமுள்ள
இசைவு – சம்மதம்

விடை எழுதுக
1. மேலைநாட்டுச் செயற்கைக் கால்கள் நம் உழவர்க்குப் பொருந்தாமைக்குக் காரணம் யாது?
2. ஜெய்ப்பூர்க் காலை உருவாக்கியோர் யாவர்?
3. பணம் செலவழிக்காமலே செய்யக்கூடிய உதவி ஒன்றனைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.
4. நிதியைப் பெறுபவரின் மதிப்பைக் காக்க நாம் செய்ய வேண்டுவன யாவை?

செயல்பாடு
உங்கள் பள்ளி வாயிலிலிருந்து வகுப்பறை வரை நடந்து செல்க. சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தடையாக இருக்கும் இடங்களைப் பட்டியலிட்டு, தலைமையாசிரியருக்குத் தமிழில் கடிதம் எழுதுக.