ஓரங்கிச் சந்துகள் தரும் பாடம்

கடைத்தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? நகராண்மைக் கழகத்துக்கு ஒரு மனு எழுதிப் போடுகிறோம். பிறகு வாசலில் பலகையைப் போட்டு அதன்மேல் நடக்கிறோம். சென்ற மழைக்காலத்தில் நாமே நாலு வாரம் இப்படித்தான் இருந்தோம். வெட்கத்தோடு அதை ஒப்புக்கொண்டு, கராச்சிப் பட்டணத்தில் நடந்த ஒரு காரியத்தை வியாபாரச் சகோதரர்களின் கவனத்துக்குக் கொண்டு வருகிறோம்.

ஓரங்கி என்பது அந்நகரின் வடமேற்கே, 1965 முதல் ஏழை எளியவர்கள் பட்டா இல்லாத நிலத்தில் தாமே வீடு கட்டிக் குடியேறிய இடம். 1971க்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த பீஹாரி அகதிகளும் அங்கே சேர்ந்தனர். கடன் வாங்கியாவது வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். கழிவு நீர் போகத்தான் வழியில்லை. வாளிக் கக்கூஸும், சந்தின் நடுவே ஓடும் அழுக்குத் தண்ணீருமாக இருந்தது. பிள்ளைகள் விளையாடியதும் அதில்தான்.

1980இல் ஒரு வங்கியின் தர்ம ஸ்தாபனம் கேட்டுக்கொண்டதன் பேரில் அங்கே போனவர் மர்ஹூம் அக்தர் ஹமீத் கான் அவர்கள். வெள்ளைக்காரன் காலத்து ஐ.சி.எஸ். உத்தியோகத்தை வங்காளப் பஞ்சத்துக்குப் பின் ராஜினாமாச் செய்துவிட்டு, அலிகாருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பூட்டுத் தொழிலாளியாக உழைத்துப் பார்த்த மனிதர் அவர். அத்தகையவர் கையில் பணத்தோடு வந்து இறங்கவில்லை. மாதக்கணக்கில் சந்து சந்தாக நடந்து, ஜனங்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சர்க்கார் இலவசமாகக் கட்டித் தரட்டும்" என்றார்கள் ஜனங்கள். சர்க்கார் கணக்கில் ஆகும் செலவோ அவர்களால் தாங்க முடியாதது. இங்கேதான் வியாபாரிகளாகிய நாம் நின்று கவனிக்க வேண்டும். அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால், குத்தகைக்காரரின் லாபம் ஒரு பக்கம், மேசைக்கு அடியில் போவது ஒரு பக்கம், தேவைக்கு மீறிய கட்டுமானம் ஒரு பக்கம். இவற்றைக் கழித்து, வரைபடத்தை எளிதாக்கி, மேன்ஹோல் குழிக்கு இரும்பு அச்சு இரவல் கொடுத்து, கூலி வேலையைச் சந்துக்காரர்களே பார்த்தபோது, வீட்டுக்குச் சுமார் 1,000 ரூபாயில் கக்கூஸும் சந்துக் குழாயும் முடிந்தன. கொள்முதல் விலை தெரியாமல் பேரம் பேசலாமா?

அடுத்தது பணம் யார் கையில் இருப்பது என்ற கேள்வி. 20 முதல் 40 வீடுகள் உள்ள சந்துதான் அங்கே சங்கம். அவர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராக நிறுத்தினால், திட்டத்தார் வந்து அளந்து, மட்டம் பார்த்து, மதிப்புப் போட்டுக் கொடுப்பார்கள். வசூல், சாமான் வாங்குதல், கணக்கு எல்லாம் சந்துக்காரர் பாடு. திட்டத்தார் ஒரு காசும் தொடவில்லை. பங்கு தராத பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதும் அவர்கள் வேலையே. நமது சபைகளில் ஊர் முழுவதற்கும் வசூல் பிரித்து, பிறகு வரவு செலவுக் கணக்கில் மனஸ்தாபப்பட்டுப் பிரிந்த அனுபவம் எத்தனை பேருக்கு உண்டு! பெயரைச் சொல்வானேன்.

தொடக்கத்தில் எல்லாம் சரியாக அமைந்துவிடவில்லை. சிமெண்டுக் கலவையைச் சரியாகக் கலக்கவும், போட்ட பின் நீர் விட்டு ஊற வைக்கவும் பழகாததால் சில வேலைகள் மட்டமாக முடிந்தன. அதைக் கண்டு கைவிடாமல், எங்கே பிழை என்று ஆராய்ந்து, படம் போட்ட கையேடும் பயிற்சியும் கொடுத்தார்கள். காலப்போக்கில் 90,000க்கு மேற்பட்ட வீடுகள் தங்கள் சொந்தச் செலவில் கழிவுக் குழாய் போட்டுக்கொண்டன.

சர்க்காருக்கு வேலை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சந்துக் குழாய் போய்ச் சேரும் பெரிய ஓடையைக் கட்டுவதும், கழிவைச் சுத்திகரிப்பதும் சந்துக்காரரால் ஆகாது. உள் வேலை எமது, வெளி வேலை உமது என்று ஓரங்கியார் பங்கு பிரித்தார்கள். தெருவாரியாகத் தாங்களே வரைந்த படங்களை எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் போனார்கள். மனு மட்டும் ஏந்திப் போகவில்லை. கான் அவர்கள் 1999இல் மறைந்த பின்னும் அப்படம் வரையும் வேலை தொடர்ந்தது. அதை நடத்திவந்த பர்வீன் ரஹ்மான் அம்மையார், நிலமும் தண்ணீரும் எங்கே களவு போகின்றன என்று ஆவணம் செய்தவர், 2013 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். படம் வரைவது சிலருக்கு எவ்வளவு ஆபத்தாகத் தோன்றியிருக்கிறது!

நாம் கடை வைத்திருக்கும் லோரோங்கில் எண்ணிப் பார்த்தோம்: 26 வாசல். அதில் சீனர் கடை ஒன்பது, மலாய்க்காரர் கடை நான்கு, மற்றவை நம்மவர். வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஒவ்வொரு வாசலாக ஏறிப் பேசுவதாக இருக்கிறோம். முதலில் அளவு நாடா. வசூல் புத்தகம் பிறகு.