ஓசையின்றி வரும் தாமதம்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனம் அமைத்த முதல் தொழிற்சாலை அது. சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும் பினாங்கு மக்களுக்குப் பழகிய தொழில்களாயின. சோதனையில் தேறாத சில்லு விற்பனைக்குப் போகாது. ஆனால், நல்ல சில்லு இருந்தால் மட்டும் கணினி விரைவாக இயங்கிவிடுமா?

சில்லுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் நடுவே கெர்னல் எனும் மென்பொருள் இருக்கிறது. இயங்குதளத்தின் கரு அதுவே. எந்த வேலைக்கு எவ்வளவு நினைவகம் கொடுப்பது, எதை முதலில் செய்வது என்பவற்றை அது முடிவு செய்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்தான் இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் உள்ளது. ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவரும் அதன் புதிய பதிப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன.

தவறான மாற்றத்தால் கணினி நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். வேகத்தைக் குறைக்கும் மாற்றமோ எந்த எச்சரிக்கையும் தராது. விடை சரியாகவே வரும், தாமதமாக வரும். அதனால்தான் இது மற்றப் பிழைகளைவிடப் பொல்லாதது. 2024 ஜனவரியில் டோர்வால்ட்ஸின் சொந்தக் கணினியிலேயே இது நேர்ந்தது. 22 விநாடியில் முடிந்துவந்த வேலை திடீரென 44 விநாடி எடுத்தது. சில்லு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் எனத் தீர்மானிக்கும் பகுதியில் செய்த மாற்றமே காரணம். அடிக்கடி செய்யும் வேலை என்பதால் அவர் கண்டுகொண்டார். இரண்டு விழுக்காடு குறைந்திருந்தால் யார் கவனித்திருப்பார்?

இயந்திரம் கவனிக்கும். இன்டெல் நடத்தும் ‘கெர்னல் டெஸ்ட் ரோபோட்’ அப்படிப்பட்ட ஒரு தானியங்கிச் சோதனை அமைப்பு. புதிய மாற்றம் வந்ததும் அது கெர்னலை உருவாக்கி, உண்மையான கணினிகளில் ஓட்டி, பழைய அளவோடு ஒப்பிடுகிறது. ஒருமுறை அளந்தால் போதாது. கொம்தாரிலிருந்து பாயான் லெப்பாஸுக்குப் பேருந்தில் போகிறீர்கள். ஒருநாள் தாமதமானால் மழையாக இருக்கலாம், நெரிசலாக இருக்கலாம். பல நாள் தாமதமானால்தான் பாதையைச் சந்தேகிக்க வேண்டும். கணினியின் அளவுகளும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதால், அமைப்பு பலமுறை அளக்கிறது.

வேகம் உண்மையிலேயே குறைந்திருந்தால், குற்றவாளியைத் தேட வேண்டும். மாற்றங்களின் வரிசையைப் பாதியாகப் பிரித்து, நடுவில் உள்ள கெர்னலைச் சோதிப்பார்கள். அது மெதுவாக இருந்தால் பிழை முதல் பாதியில், இல்லையேல் மறுபாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் பத்தாயிரம் மாற்றங்களுக்கும் 14 சோதனைகள் போதும். பிறகு, மாற்றத்தை எழுதியவருக்கே அறிக்கை மின்னஞ்சலில் போய்ச் சேரும்.

நல்ல செய்தியும் சில வேளைகளில் வரும். 2024 நவம்பரில் ஒரு சிறு திருத்தத்தால் வேகம் 3888.9 விழுக்காடு கூடியதாக இந்த அமைப்பு அறிவித்தது. அது நினைவகம் தொடர்பான ஒரே ஒரு சோதனையின் கணக்கு. அதே திருத்தத்தால் உங்கள் கைப்பேசி நாற்பது மடங்கு விரைவாகிவிடாது.